சனி, ஞாயிறு, செகோவியா

மட்ரிட்டில் பத்து நாள் பயிற்சி.
இடையில் ஒரு சனி, ஒரு ஞாயிறு.
நீர் விநியோகப் பதிவேட்டின் பின்பக்கத்தில்
பென்சிலால் குறித்து வைக்கிறேன்:
எட்டேகாலுக்கு ரயில், அரை மணித்தியாலம்,
பிறகு பஸ்.
அங்கே கல்லாலான ஒரு வாய்க்கால்
வீதிக்கு மேலே நிற்கிறது.
தென்னையை விட உயரம். சாந்து இல்லை.
கல்லின் பாரமே கல்லைப் பிடித்திருக்கிறதாம்.

இரணைமடுத் துருசில் கிறீஸ் பூசிக்கொண்டிருந்த
ஞானச்சந்திரன் அண்ணையிடம் படத்தைக் காட்டினேன்.
முழங்கையால் போனைத் தன் பக்கம் திருப்பினார்.
“இதில தண்ணி ஓடுதோ?”
“இப்ப இல்லை அண்ணை.”
“பிறகென்னத்துக்கு அவ்வளவு தூரம்?”

சொல்லத் தெரியவில்லை.
கோட்டையையும் தேவாலயத்தையும் ஞாயிறுக்குத் தள்ளினேன்.
சனி முழுக்க அந்த வாய்க்காலோடு நடக்கவேணும்,
ஊருக்கு வெளியே, அது தாழ்வாய் இருக்கிற இடத்திலிருந்து.
சரிவு எவ்வளவு வைத்தார்கள் என்று
என் கண்ணால் பார்க்கவேணும்.

இரவு ஒன்பதுக்கு முரசுமோட்டையிலிருந்து அழைப்பு.
“மிஸ், நீங்கள் நிக்காத அந்தச் சனி
எங்கட முறையெல்லோ. ஆர் கதவு திறக்கிறது?”

பதிவேட்டைத் திருப்பி
அந்தத் திகதிக்கு நேரே
ஞானச்சந்திரன் என்று பேனையால் அழுத்தி எழுதினேன்.
பின்பக்கத்தில்
ரயில் நேரத்துக்கு மேலே
அவர் பெயர் மறுபுறமாய்ப் புடைத்திருந்தது.