தொழில் என்னும் கட்டம்

பெயர், வயது, பிறந்த ஊர் முடிந்து
தொழில் என்னும் கட்டத்துக்கு வந்தேன்.
பழக்கதோஷம். இன்னாரின் மனைவி என்றெழுத
பேனா தானாகவே சாய்ந்திருந்தது.
"ஃபெட்லர்" என்றார் இனோக் கோக்லி.

பர்ஸ்லெம் பதிவு அலுவலகத்தில்
எனக்கு அது ஆறாவது வாரம்.
நார்ஃபோக் கடற்கரையில்
நண்டு பிடித்தவர்களையும் வலை பின்னியவர்களையும்
இறந்தபின் எழுதிப் பழகிய கை.
இந்தச் சொல் அதற்குப் புதிது.
விலங்கு பூட்டுகிற வேலையா என்று கேட்டுவிட்டேன்.
சிரித்தார். நான்கு நாளில் முதல் சிரிப்பாக இருக்கும்,
பாதியில் நின்றுவிட்டது.

"அச்சுக்கு ரெண்டு பாதிம்மா.
ரெண்டும் சேர்ற இடத்துல
கோப்பை மேல ஒரு தழும்பு ஓடும்.
சூளைக்குப் போறதுக்கு முன்னால
சின்னக் கத்தியால அதைச் சுரண்டி எடுக்கணும்.
அழுத்தினா உடையும், விட்டா தெரியும்.
டஜனுக்கு இவ்வளவுன்னு கூலி.
அவ நல்லாச் செஞ்சிருந்தா
அவ செஞ்சதே தெரியாது."

அந்தச் சொல் ஆலையோடு நிற்கவில்லையாம்.
நின்ற கடிகாரத்தைத் தட்டி ஓடவிட்டாலும் அதே சொல்.
காய்ச்சல் விட்டு எழுந்த பிள்ளை
நல்ல 'ஃபெட்டிலில்' இருக்கிறான்.
குடித்துவிட்டு வந்த சனிக்கிழமைகளில்
வாசலிலேயே நின்று தர்சா சொல்வாளாம்:
உன்னை 'ஃபெட்டில்' பண்றேன் பார்.
குவீன்ஸ்லாந்துக்குப் போன அவள் தம்பிக்கும்
வேலைப் பெயர் அதுதான்;
அங்கே அவன் சுத்தியலோடு
தண்டவாளம் நெடுக நடந்தான்.

அலமாரியில் இருந்த தடித்த அகராதியைப் புரட்டினேன்.
வேர்: கச்சை.
இடுப்பில் வரிந்து கட்டுவது, தயாராவது.
சுரண்டுவது, துடைப்பது, சீராக்குவது
எல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டவை.
தூசி என்று எங்கும் போடவில்லை.

தூசி அடுத்த காகிதத்தில் இருந்தது.
மருத்துவரின் கிறுக்கல்:
நுரையீரல் இறுகிப்போய், பல வருடமாக.
காரணம், கேள்விக்குறி.

நான் பேனாவை மூடினேன்.
"மிஸ்டர் கோல்கிளவ்..."
"கோக்லி. எழுத்து அப்படி, வாய் இப்படி."
"மன்னியுங்கள். இந்தச் சொல்லை நான் எழுதினால்
இந்தக் காகிதத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.
மரண விசாரணை அதிகாரிக்கு நானே ஃபோன் செய்யணும்.
உடலை அறுத்துப் பார்க்கலாம்.
வியாழக்கிழமை அடக்கம் நடக்காது."

"நாற்பது பேருக்கு ஹாம் சொல்லியாச்சு" என்றார்,
என்னிடம் இல்லை, மேசையிடம்.
பிறகு: "வீட்டம்மான்னு போட்டா?"

போடலாம் என்றும் சொல்லவில்லை,
கூடாது என்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்க வேண்டும், சட்டப்படி.
ஜன்னல் பக்கம் பார்த்தேன்.
எதிர்ச் சுவர் முழுக்கக் கரி.

அவர் தன் தேநீரை மடமடவெனக் குடித்துவிட்டு
கோப்பையைக் கவிழ்த்து அடிமுத்திரையைப் படித்தார்.
இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான்,
விருந்துக்குப் போன வீட்டிலும்.
கட்டைவிரல் கைப்பிடியின் உள்பக்கம் இறங்கி
ஓரிடத்தில் நின்றது, முன்னும் பின்னும் போனது.
நீட்டினார். தொட்டுப் பார்த்தேன்,
மயிரிழை மேடு.
"இதை அவ விட்டிருக்க மாட்டா.
மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்தாலும் விடமாட்டா.
வாயில கட்ட ஒரு துணி கேட்டா,
அதுக்கும் அரைநாள் கூலி பிடிச்சான்."

வெளியே பேருந்து வந்து, நின்று, போயிற்று.

"எழுதும்மா.
நடுவுல ரெண்டு 'டி'."

எழுதினேன். மை காயும்வரை இருவரும் அதையே பார்த்தோம்.
ஃபோனை எடுத்து எண்ணைச் சுழற்றத் தொடங்கினேன்.
"பேசி முடிச்சதும் இப்படிக் கொடுங்க" என்றார்,
"ஹாம் கடைக்கு ஒரு வார்த்தை சொல்லணும்."