இலவசம் என்று எழுதியிருந்தது

சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.
பேர்ஸில் அறுபத்திரண்டு பிராங்.
பியல் நகர ப்ரோக்கிக் கடையின் பின்வரிசையில்
கடுகு நிற வெல்வெட் திரைச்சீலை,
ஒரு சோடி பதினாலு.
ஒரு மூலையை மட்டும் வெயில் தின்றிருந்தது.
முகர்ந்து பார்த்தேன்:
நாய் இல்லை, சிகரெட் இல்லை,
நல்லாய் வாழ்ந்த ஏதோ வீட்டின் மெழுகு மணம்.
பதினொன்றுக்குக் கேட்டேன்.
இந்த நாட்டில் பேரம் பேசுவது
தேவாலயத்தில் விசிலடிப்பது மாதிரி.
காசு வாங்குகிற பெடியன்
இருபக்கமும் பார்த்துவிட்டு
"பன்னிரண்டு" என்று முணுமுணுத்தான்.

ஒன்று யன்னலுக்கு.
மற்றது எனக்கு.

கடிகாரக் கம்பெனியில் இரண்டு மாடி துடைத்துவிட்டு
வீடு வர ஒன்பதரை.
அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கடிகாரம்
எங்கள் இரண்டு வருச வாடகையைச்
சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.
நான் அதன் கண்ணாடியைத் துடைப்பேன்,
நேரத்தை என் போனில் பார்ப்பேன்.

பஸ்ஸில் கிடந்த பேப்பரை விரித்து
பழைய ஜாக்கெட்டை அதில் படுக்கவைத்துக் கோடு கீறினேன்.
வெல்வெட்டுக்கு மேல் கீழ் உண்டென்று
வெட்டின பிறகுதான் தெரிந்தது:
இடது கை வெயிலில் மாம்பழம்,
வலது கை நிழலில் அதே மாம்பழம்.
அழ நேரமில்லை.
காலரையும் பாதிக்குப் பாதி அப்படியே வெட்டினேன்.
பிழையை இரண்டு தரம் செய்தால்
அதற்கு டிசைன் என்று பெயர்.

விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள்.
என் விரலில் வீங்கியிருந்தது
ஊசி ஏறின இடம்.

லாம்பு வந்த கதை வேறு.
மட்ரெச் தெருவோரம், மழை தொடங்கும் நேரம்,
பித்தளைத் தண்டு, நல்ல நிமிர்வு,
கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை.
காலடியில் ஓர் அட்டை: இலவசம்.
"எங்கட ஆக்கள் ஆரும் கண்டால்?" என்று
உதயணன் பத்தடி முன்னால் நடந்தார்,
என்னைத் தெரியாதவர் மாதிரி.
நான் லாம்பைக் கட்டிப்பிடித்தபடி வந்தேன்,
கட்டிப்பிடிக்க அதுதானே பக்கத்தில் நின்றது.

தலைக்கு, பிடி உடைந்த வடிதட்டைக் கவிழ்த்தேன்.
சுவிட்சைப் போட்டதும் கூரை முழுக்கப் புள்ளி,
ஆரோ கோலத்துக்கு வைத்துவிட்டு
வேறு வேலையாய்ப் போன மாதிரி.
உதயணன் நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார்.
"அப்ப மக்கரோனியை எதிலை வடிக்கிறது?"

பத்தே கால் இருக்கும், கதவு தட்டுப்பட்டது.
மூன்றாம் மாடி சுர்ப்ரூக் அம்மா,
தையல் மெஷின் சத்தத்துக்கு வந்திருக்கிறாள்,
குடியிருப்பு விதிகள் தாளை நாலாய் மடித்துக்கொண்டு.
வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள்,
என் தோளைக் கடந்து பார்த்தபடி.
"அது என்னுடைய லாம்பு."

ஒரு கை தைத்து, ஒரு கை குண்டூசியில் தொங்க,
வெல்வெட்டுக்குள் எனக்கு வேர்த்தது.
"இலவசம் என்று எழுதியிருந்தது."
"எழுதினதே நான்தான்," என்றாள்.

கூரையைப் பார்த்தாள், திரையைத் தடவினாள்,
என் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.
இருபத்தாறு வருசம் அவள் வீட்டு மூலையில் நின்றதாம்,
ஒருநாளும் இப்படி நிற்கவில்லையாம்.
போகும்போது மறக்காமல் சொன்னாள்:
பத்து மணிக்குப் பிறகு மெஷின் கூடாது.

வியாழன் காலை கதவுப் பிடியில் ஒரு பை.
உள்ளே புத்தம் புது வடிதட்டு,
விலைச்சீட்டு கிழிக்காமல், நாற்பத்தொன்பது பிராங்.
கூடவே ஒரு துண்டு:
"எனக்கும் ஒன்று. எவ்வளவு?"

துண்டைத் திருப்பி
இலவசம் என்று எழுதத் தொடங்கினேன்.
'இல' என்றதோடு பேனை நின்றது.
அடித்துவிட்டு
எழுபது என்று எழுதினேன்.

சனிக்கிழமை வந்தாள்.
படிக்கட்டில் மேலும் கீழும் பார்த்தாள்.
பிறகு, தேவாலயத்தில்
முதன்முதலாய் விசிலடிக்கப் போகிறவள் போல
உதட்டைக் குவித்துக்கொண்டு,
மெல்ல,
"ஐம்பத்தைந்து?"