கீழ்ப்பலகையில் ஒரு துளை

மிராகாயாவில் ஆறு வீட்டுக்குள் வரும்.
கதவைத் தட்டாது.
டோரு ஏறிவந்த உயரத்தைச்
சுவரில் கோடிழுத்து ஆண்டும் எழுதிவைப்போம்,
பிள்ளைகள் வளர்வதைக் குறிப்பதுபோல.

கிராசியேட்டியின் பட்டறையில் அந்தக் கோடு
என் காதுக்கு நேராக ஓடுகிறது.
அந்த வெள்ளத்தில்தான்
அவளுடைய பதினோரு பெட்டிப் பத்திரிகைகளும்
ஒரே செங்கல்லாக இறுகின.
தூக்கிப் போடு என்றேன்.
வெண்ணெய்க் கத்தியால் உரிக்கத் தொடங்கினாள்.

ஒரு கதாநாயகனின் மீசை
சலவைத்தூள் விளம்பரத்தோடு பிய்ந்து வந்தது.
தொடர்நாடக மருமகளின் அழுத கண்
கோல்கீப்பர் கையுறைக்குள் இருந்தது.
"பாதியை ஆறே ஒட்டிவிட்டது,
நான் மிச்சத்தை."

அன்றிலிருந்து பசை கரைக்கக் குழாய்நீர் கிடையாது.
படித்துறையில் குனிந்து வாளியில் மொண்டு வருவாள்.
மத்தி டப்பாக் காகிதம், சூயிங்கம் உறை,
பாட்டு கேசட்டின் பழுப்பு நாடா.
நாடாவை வளைத்து வளைத்து ஒட்டுவாள்;
சாய்வெயில் பட்டால் போதும்,
அலை நெளியும்.

எனக்குத்தான் பாடு.
கடல் பக்கத்தில்; ஆற்றில் உப்பு ஏறியிருக்கும்.
காய்ந்துவிட்டது என்று நம்பிச் சட்டம் போட்டால்
மழைமாதத்தில் படம் மூச்சிழுத்து உப்பும்,
மூலையில் ஆணி பிதுங்கும்.
செஸ்ட்நட் மரத்துக்கு அவளிடம் காசில்லை.
பைன் வளைகிறது.
ஒரே படத்துக்கு மூன்று தடவை சட்டம் மாற்றினேன்.
பாக்கி இன்னும் வரவில்லை.

பழைய ஐஸ் கிடங்கில் கண்காட்சி.
ஒருவர் தாடியைத் தடவியபடி
நீர், நினைவு என்று ஏதோ நெடுநேரம் சொன்னார்.
நான் ஆணி தாங்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூடப்போகும் நேரம்
ரப்பர் பூட்ஸோடு ஒருத்தி வந்தாள், மீன்கடை வாடை.
நேரே அந்த மூன்றுசட்டப் படத்தின் முன் போய் நின்றாள்.
நகரவில்லை.
நீலத்தின் நடுவே ஓர் இளம்பெண்:
ஷாம்பூ விளம்பரம், ஈரக் கூந்தல், பல்லெல்லாம் சிரிப்பு,
ஒரு கண்மேல் கால்பந்து ஸ்டிக்கர்.
"இது நான்" என்றாள். "பத்தொன்பது வயசு."

கிராசியேட்டிக்குக் கழுத்துவரை சிவந்தது.
எடுத்துவிடட்டுமா என்று தடுமாறினாள்.
வந்தவள் காதில் வாங்கவில்லை.

"பின்னால கடல் இருக்கே, அது துணி.
ரெண்டு பேர் ரெண்டு முனையைப் பிடிச்சு ஆட்டினாங்க.
தலையில தண்ணி இல்ல, எண்ணெய்.
தண்ணி பட்டா கண்மை வழியுமாம்.
தாகமா இருக்குன்னேன்.
அப்புறம்னாங்க."

படத்தைத் தொடக்கூடாது.
தடுக்கவேண்டியவன் நான்தான்.
கூந்தல் முடிகிற இடத்தில் விரலை வைத்தாள்,
எடுத்துப் பார்த்தாள்,
நக்கியும் பார்த்தாள்.
"நனைஞ்சுதான் இருக்கேன்"
என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

மறுநாள் நான்காம் தடவையாக அளவெடுத்தேன்.
இம்முறை கீழ்ப்பலகையில்
சுண்டுவிரல் அளவுக்கு ஒரு துளை விட்டிருக்கிறேன்.
உள்ளே வந்த ஆறு
வெளியே போகவும் வேண்டுமே.