கடப்பாரை வாடகை

உயிர்த்தெழுந்த பண்டிகை கழிந்து இரண்டாம் ஞாயிறு
கை தூக்கி என்னை வார்டனாக்கினார்கள்.
எதிர்த்தவர் இல்லை. விரும்பியவரும் இல்லை.
கையில் விழுந்தது பதினாலு சாவி,
அதில் ஒன்பதுக்குப் பூட்டே கிடையாது.

கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பார்ப்பவள் நான்.
உரசாமல் எதையும் நம்புகிற கை இல்லை இது.
அலமாரியின் அடித்தட்டில்
பழைய அங்கிகளுக்கும் பாச்சை உருண்டைக்கும் கீழே
சுவிசேஷமுத்துவின் கணக்குப் புத்தகம் அகப்பட்டதும்
முதலில் கூட்டலைத்தான் சரிபார்த்தேன்.

தம்பிடி பிசகவில்லை.

மணிக்கயிறு, தேங்காய்நார், மூன்றணா.
வௌவால் விரட்டச் சாம்பிராணி, ஓரணா.
திருவிருந்து ரசம், நாகப்பட்டணத்திலிருந்து,
வண்டிச்சத்தம் சேர்த்து ஒன்றேகால் ரூபாய்.
காணிக்கைப் பையில் செல்லாக்காசு ஏழு.
போட்டவர் பெயர் தெரியும், எழுதவில்லை.
அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய்
ஐந்து ரூபாய்க்குப் போயிருக்கிறது,
இரண்டு மிராசுகளின் வீம்பில்.
பெஞ்சு நாலு, வடபுறத்துக்கு.
பாய் பதினொன்று, தென்புறத்துக்கு.

ஐயர்மார் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள்.
கூரை ஒழுகினால் சுவிசேஷமுத்து.
பிரசங்கத்தில் குறட்டை விடுகிறவன் விலாவில்
கோலால் தொடுவது சுவிசேஷமுத்து.
வீரசோழன் கரை உடைத்த ராத்திரி
கோயிலைத் திறந்து, ஆட்டையும் ஆளையும் உள்ளே விட்டு,
மறுநாள் புழுக்கை கூட்ட
அரையணா எழுதியதும் அவர்தான்.

கல்லறைத் தோட்டத்துக் குறுக்கே
அப்போது ஒரு சுவர் இருந்ததாம்.
எக்காளம் தொனிக்கும் நாளில்கூட
யாரும் யாரோடும் கலந்து எழுந்துவிடாதபடி
இடுப்பளவு செங்கல்.
மேடு வடக்கே. பள்ளம் தெற்கே.
பள்ளத்தை ஒட்டி வாய்க்கால்.

கார்த்திகை இருபத்தொன்று.
வேதமாணிக்கம் மகள், வயது ஆறு.
தென்பக்கக் குழியில் தண்ணீர் ஊறிற்று.
இறைக்க வாளி வாடகை, அரையணா.
மறுபடி ஊறிற்று.
மறுபடி வாளி, அரையணா.

அவ்வளவுதான். ஒரு சொல் கூடுதல் இல்லை.
மையை ஒற்றி எடுத்த இடத்தில்
வரி கொஞ்சம் இழுபட்டிருக்கிறது.
அதற்கப்புறம் மார்கழி, தை, மாசி, பங்குனி,
எண்ணெய், திரி, துடைப்பம்.

சித்திரை ஒன்பது.
புயலில் கல்லறைச் சுவர் விழுந்தது.
செங்கல் அள்ள ஆள் நாலு, ஒரு ரூபாய்.
கடப்பாரை வாடகை, இரண்டணா.

விழுந்த சுவருக்குக் கடப்பாரை எதற்கு?

விரலை மேலே நகர்த்தினேன்.
அதே நாள், அதே பக்கம், மூன்று வரி முந்தி:
கூரைக் கீற்று வெயிலில் காயப்போட்டது,
மாடு அண்டாமல் காவலுக்குப் பையன், காலணா.

புயலடித்த நாளில் அவருக்கு
கீற்று காய்ந்திருக்கிறது.

பதினேழு வருஷம் ஒரு பொய் எழுதாத மனிதர்
முதல் பொய்யை எழுதிவிட்டு
அதற்கான ரசீதையும்
பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.
மறைக்கத் தெரியவில்லையா,
மறைக்க மனமில்லையா,
இரண்டு ராத்திரி யோசித்தேன்.
தெரியவில்லை.

அடுத்த பக்கம் வேறு கையெழுத்து,
கொழுத்த எழுத்து, சுழி அதிகம்.
முன்னாள் வார்டனிடம் வசூல்,
ஒரு ரூபாய் இரண்டணா.
சாவிகள் பெற்றுக்கொள்ளப்பட்டன.
கல்லறை வாசல் சாவி மட்டும் குறைவு.
கேட்டதற்கு, ஆற்றில் விழுந்தது என்கிறார்.

புதுப்பூட்டு வாங்கிய செலவை
கடைசிப் பக்கம்வரை தேடினேன்.
இல்லை.

போன சனிக்கிழமை கமிட்டி கூடியது.
பழைய புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த
பொருளாளர் ரத்தினராஜ் கண்ணாடியை ஏற்றிவிட்டு,
சித்திரையிலா புயல்? நம்ம பக்கம் அடிக்குமா? என்றார்.

ஒரு தடவை அடித்திருக்கிறது என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு
இந்த வருஷத்துக் கூரைச் செலவுக்குப் போனார்.