எடைச்சீட்டு

படந்தாலுமூட்டில் ரோட்டுக்கு மேற்கே
அறுபது டன் தாங்கும் இரும்புப் பலகை.
பக்கத்தில் ஆறடிக்கு ஆறடிக் கூண்டு.
கூண்டுக்குள் நான், ஒரு கம்ப்யூட்டர்,
ஓரம் ஈரத்தில் உப்பிய
போன வருஷத்துச் சபைக் காலண்டர்.

ராத்திரி பத்திலிருந்து ஆறு வரை
எல்லை தாண்டுகிற எல்லாமே
என் கண்ணாடிக்கு முன்னால் ஒரு நிமிஷம் நிற்கும்.
எம்-சாண்ட், ஜல்லி, வாழைக்குலை, கோழி.
ஒருமுறை பாறசாலைப் பக்கம் போகிற யானை.
காட்டிய எடையைப் பாகன் நம்பவில்லை.
இன்னொரு தடவை ஏற்றச் சொன்னான்.

நான் பேசுவது மூன்றே பேச்சு.
பின்சக்கரம் உள்ளே வரட்டும்.
எஞ்சினை அணையுங்க.
ஆள் இறங்குங்க.
தனியாக ஜெபம் என்று ஒன்றும் சொல்வதில்லை.
சொல்ல உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன்.

எனக்கு முன்னால் இருந்த பையன்
ஐம்பது ரூபாய்க்கு
ஒரு சக்கரத்தை வெளியே நிற்க விடுவான்.
நானும் விட்டிருக்கிறேன், இரண்டு தடவை.
ஒன்று கரன்ட் பில்லுக்கு.
மற்றது எதற்கென்று நினைவில்லை.
உறுத்துவது அதுதான்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு
ராதாபுரத்து லாரி. டிரைவர் இசக்கிராஜ்.
அனுமதிக்கு மேலே ஆயிரத்து இருநூற்று நாற்பது கிலோ.
"செக்போஸ்ட்டில பிடிச்சா என் தலையிலதான் விழும்க்கா.
குவாரிக்காரனும் தரமாட்டான், லாரிக்காரனும் தரமாட்டான்.
ஒரே ஒரு நம்பரை மாத்துங்க."
சத்தம் போட்டிருந்தால் பதில் சுலபம்.
அவர் போடவில்லை.

அப்போதுதான் பார்த்தேன்,
உண்மையை எழுதுவது எனக்கு எவ்வளவு மலிவு என்று.
பிரிண்டர் கிர்ரென்று தள்ளும்,
நான் நல்லவளாகிவிடுவேன்,
அபராதத்தை அவர் கட்டுவார்.
என் கை சுத்தத்துக்கு
இன்னொருத்தர் வீட்டு அரிசி.

சீட்டு அடித்தேன். உள்ள எடைதான்.
கிழித்துக் கொடுக்கவில்லை.
கூண்டைப் பூட்டினேன்.
ஜெனரேட்டர் ரூமில் மண்வெட்டி இரண்டு இருந்தது.
"ஓரம் கட்டுங்க" என்றேன்.
துப்பட்டாவை இடுப்பில் முடிந்து
டயர் மேல் கால் வைத்து ஏறினேன்.

பின்னால் ஹாரன்.
"எந்தா சேச்சீ இது?" என்றான் நெய்யாற்றின்கரைக்காரன்.
கோழி வண்டிக்காரன் இறங்கி வந்து
போன் வெளிச்சம் மட்டும் அடித்தான்.
மண்வெட்டியைத் தொடவே இல்லை.
ஒரு பாட்டும் மனசில் வரவில்லை.
இடுப்பு வலி மட்டும் ஒழுங்காக வந்தது.

மறுபடி ஏற்றினோம்.
இன்னும் இருபது கிலோ கூடுதல்.
அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.
கேபினுக்குள் போய்
இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிவந்து
என் வாசலில் வைத்தார்.
சரியாக வந்தது.
நாலரை மணிக்குச் சிரிக்க
இரண்டு பேருக்கும் வேறு காரணம் கிடைத்திருக்காது.

காலையில் ஸ்டான்லி முதலாளி வந்தார்.
சபைக் கமிட்டியில் இருக்கிறவர்.
குவியலைச் சுற்றி நடந்தார்.
"யாருது?"
"ராதாபுரத்து வண்டிது சார். நான் இறக்கினேன்."
"ஒன்றரை மணி நேரம் மேடை சும்மா கிடந்திருக்கு."
"ஆமா சார். சம்பளத்தில பிடிச்சுக்குங்க."
ஒரு பிடி அள்ளி விரலில் தேய்த்தார்.
"நல்ல சரக்கு. கோவில் மதிலுக்கு ஆகும்."
"அது நம்மளது இல்லை சார்."
அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார்.
கோபமா வெட்கமா,
சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

தார்ப்பாய் போட்டு மூலைக்கொரு கல் வைத்திருக்கிறேன்.
அதன்மேல் இப்போது நாய் படுக்கிறது.
வெள்ளிக்கிழமை காலி வண்டியாய்த் திரும்பும்போது
அள்ளிக்கொண்டு போவதாக இசக்கிராஜ் சொன்னார்.

கேனில் பாதியை நான் குடித்துவிட்டேன்.
அதற்குள் நிரப்பி வைக்கணும்.