மூவாயிரம் தொன்

பந்தயம் ஒரு சோத்துப் பார்சல்,
சூரைமீன் பொரியலோடு.

சீனன்குடாவில் காற்று இன்னும் எழும்பவில்லை.
உள்துறைமுகத்தில் மலைகள் தலைகீழாய்த் தூங்கின.
கோதுமை இறக்கி முடிந்த கப்பல்
கயிறு தளர்ந்து கிடந்தது.
வெறுங்கப்பலே மூவாயிரம் தொன்.

யசோமதி மூட்டைக் கணக்கு எழுதுகிறவள்.
கணிதப் பிரிவு; இசட் புள்ளியில்
மூன்றாம் தசமம் கைவிட்டது.
"நான் தள்ளினால் அசையும்" என்றாள்.
துருச் சுரண்டிக்கொண்டிருந்த நாங்கள் நாலுபேரும்
சிரித்ததில் கொக்கொன்று பறந்தது.

றிபாய்தீன் நானா சொன்னார்:
"போன கிழமை லொறி ஒண்டையே
ஆறு பேர் தள்ளி அசையேல்ல, பிள்ளை."
"அதை மணல் பிடிச்சு வைச்சது.
தண்ணி பிடிக்காது நானா,
கொஞ்சம் இழுத்தடிக்கும், அவ்வளவுதான்."

செருப்பைக் கழற்றினாள்.
இறங்குதுறை விளிம்பில் இருந்து
கயிறு கட்டும் குத்தியில் முதுகைச் சாய்த்து
இரண்டு பாதங்களையும் இரும்பில் ஊன்றினாள்.

பத்து விநாடி. ஒன்றுமில்லை.
இருபது. டயர் ஒருமுறை முனகியது.
விசையைத் திணிவால் வகுத்தால் ஆர்முடுகல்:
நானும் பள்ளிக்கூடத்தில் எழுதினதுதான்.
மேலே சின்ன எண், கீழே பெரிய எண்,
விடையில் பூச்சியத்துக்குப் பின் பூச்சியமாய் வர
அலுத்துப்போய்
பூச்சியம் என்றே முடித்துவிட்டேன் அன்று.
கடைசியில் ஓர் ஒன்று இருந்திருக்கிறது.

டயருக்கும் இரும்புக்கும் நடுவே
ஒரு நூல் வெளிச்சம்.
நூல் விரலாகி, விரல் சாணாகி,
அதற்குள் சின்ன மீன் கூட்டமொன்று
வெயிலுக்கு வந்து திரும்பியது.

யாரும் கைதட்டவில்லை.
அவள் காலை எடுத்துவிட்டாள்;
கப்பல் அதை அறியவில்லை.
அவள் கொடுத்ததைக் கொண்டு
போய்க்கொண்டே இருந்தது.
கயிறு விறைத்தது, உப்பு உதிர்ந்தது,
நின்று, யோசித்து,
திரும்பி வந்தது.

டயரில் கொழுவியிருந்த பெயின்ற் தகரம்
இடைவெளிக்குள் சரிந்திருந்தது.
எடுக்கக் குனிந்தார் நானா.
"கையை எடுங்கோ!"
அவள் கத்தி நான் கேட்டது
அந்த ஒரு முறைதான்.

ஒரு புத்தகத்தை மூடுகிற வேகத்தில்
கப்பல் வந்து சேர்ந்தது.
தகரம் ரொட்டியாயிற்று.
சிவப்புப் பெயின்ற்
டயர் வழியே வழிந்து தண்ணீரில் விரிந்தது.
நானா தன் விரல்களை
ஒவ்வொன்றாய் மடக்கி நீட்டிப் பார்த்தார்.

பார்சலில் பாதியை அவரிடமே தள்ளினாள் யசோமதி.
அதற்கு மட்டும்
பெரிய விசை தேவைப்பட்டது.

மத்தியானம் வரை காற்றில்லை.
கப்பல் மட்டும்
குத்திகளுக்கு நடுவில்
ஒரு விரல் இப்படி, ஒரு விரல் அப்படி
ஆடிக்கொண்டே கிடந்தது.