படகில் ஒரு கீறல்

படகைக் கீறி வாளைத் தேடு.
எங்கள் மொழியில் நான்கே எழுத்து.
யுவான் ஆற்றங்கரைப் பள்ளியில்
மூன்றாம் வகுப்பு கத்திப் படிப்பது
டீசல் இரைச்சலையும் தாண்டி எனக்குக் கேட்கும்.
வாள் விழுந்த இடம் இதுவென்று
படகின் விளிம்பில் குறி வைத்தானாம் ஒருவன்;
கரை சேர்ந்ததும் குறிக்கு நேர் கீழே குதித்தானாம்.
படகு நகர்ந்தது, வாள் நகரவில்லை.
காலம் மாறியதை அறியாத மூடன் என்று
பொருள் எழுதினால் இரண்டு மதிப்பெண்.

நான் பெங் ஷௌயி. இந்தப் படகுக்கு
ஆண்டுக்கு ஒருமுறை பச்சை அடிப்பவன்.

போன குளிர்காலத்தில் ஒரு காலை,
வாத்து முட்டை விற்கும் தியான் ஜூமெய்
கைப்பிடிக் கம்பியைச் சாவியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
"என்ன விழுந்தது?"
"விழவில்லை. எறிந்தேன்."
மோதிரம். ஷென்ஜென் போனவன் போட்டது.

பன்றி வியாபாரி ஒருவன்
அந்த நான்கு எழுத்தைச் சொல்லிச் சிரித்தான்.
படகே சிரித்தது. அவளுந்தான், கொஞ்சம்.
"தேடுகிறவனுக்குத்தானே அந்தக் கதை?
ஆறு எனக்கு எதற்கு?
நான் நின்ற இடம் தெரிந்தால் போதும்."

பிறகு தினமும் அங்கேதான் நிற்கிறாள்,
கூடையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு.
சில நாள் அங்கே வேறு யாராவது நிற்பார்கள்.
அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல்
பக்கத்தில்.

பனி விட்டதும்
தேய்த்து, துடைத்து, அடித்துக்கொண்டே வந்தேன்.
கீறலருகே பிரஷ் நின்றது.
ஒரு விரல் அகலம் விட்டு
அந்தப் பக்கம் தொடங்கினேன்.

முதலாளி இன்னும் பார்க்கவில்லை.
பள்ளிக்குப் போகும் பொடியன் பார்த்துவிட்டான்.
"இங்கே மட்டும் ஏன் மாமா இப்படி?"

"துரு" என்றேன்.